தோலின் பின்னால் ஒரு விளக்கு: ஆட்டுத்தோலிலிருந்து அனிமேஷன் வரை

ஆம்பூர் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பிரியாணி. அடுத்தது தோல். சென்னையிலிருந்து பெங்களூர் போகும் ரயிலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாலும், காட்பாடி தாண்டி குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வரும்போது மூக்கே ஊரைச் சொல்லிவிடும் என்று கிண்டல் செய்வார்கள். காலையில் ஷூ கம்பெனி வேன்களில் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு வேலைக்குப் போகும் பகுதி இது. இங்கே தைக்கப்படும் செருப்பும் ஷூவும் ஐரோப்பியக் கடைகளில் வேறு பெயரில் விற்பனையாகின்றன.

ஆனால் இதே ஆட்டுத்தோல் தமிழ்நாட்டில் இன்னொரு வேலையும் செய்திருக்கிறது. மனிதனின் அழுகையையும் ஆத்திரத்தையும் வெள்ளைத் திரையில் காட்டியிருக்கிறது. இன்று "கையால் செய்யும் சோதனை அனிமேஷன்" என்று திரைப்பட விழாக்களில் பெரிய பெயர் வைத்துச் சொல்கிறார்களே, அதற்கும் இந்தத் தோலுக்கும் உள்ள உறவு பலரும் நினைப்பதைவிட நெருக்கமானது. அந்தக் கதைதான் இது.

முதலில் டேனரிக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். வரும் தோலைத் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். பிறகு சுண்ணாம்பில் போடுகிறார்கள். மயிர் கழன்று வருகிறது. உள்பக்கம் ஒட்டியிருக்கும் சதையைச் சீவி எடுக்கிறார்கள். சுண்ணாம்பைக் கழுவி நீக்குகிறார்கள். இதன் பிறகுதான் உண்மையான பதனிடுதல். பழைய முறையில் ஆவாரம்பட்டைச் சாறும் கடுக்காயும். தென்னிந்தியாவில் இப்படிப் பதனிட்ட தோலுக்கு உலகச் சந்தையில் "ஈஸ்ட் இந்தியா" தோல் என்றே பெயர் இருந்தது. பிறகு குரோமியம் உப்பு வந்தது. பெரிய மர டிரம்மில் சுற்றி எடுத்தால் தோல் நீல நிறமாக வெளியே வரும், அதனால் அதற்கு "வெட் ப்ளூ" என்று பெயர். 1973ல் பச்சைத் தோல் ஏற்றுமதியை அரசு தடை செய்தது. பாதிப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. அதற்குப் பிறகு இந்தப் பகுதி முழுமையாக முடித்த தோலுக்கும் ஷூவுக்கும் மாறியது. கூடவே பாலாறும் மாறியது. டேனரிக் கழிவு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, "மாசுபடுத்தியவனே ஈடு கட்ட வேண்டும்" என்ற கொள்கைக்காக இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது.

இப்போது கவனிக்க வேண்டிய விஷயம். தோற்பாவை செய்கிறவரும் இதே போலத் தோலை ஊறவைக்கிறார், மயிர் நீக்குகிறார், சதையைச் சீவுகிறார். ஆனால் பதனிடுவதற்கு முன்பே நிறுத்திவிடுகிறார். ஈரத்தோலை நாலாபக்கமும் இழுத்துக் கட்டிக் காய வைக்கிறார். அவ்வளவுதான். ஏன் அங்கே நிறுத்த வேண்டும்? தோல் என்பது கண்ணுக்குத் தெரியாத கொலாஜன் இழைகளால் ஆன பின்னல். பதனிட்ட தோலில் அந்த இழைகள் பிரிந்து நிற்கும், நடுவில் காற்று இருக்கும். அதனால் தோல் மெத்தென்று வளையும், ஒளி உள்ளே புகுந்து சிதறிவிடும். இழுத்துக் கட்டிக் காயவைத்த பச்சைத் தோலில் இழைகள் ஒன்றோடொன்று இறுக ஒட்டிக்கொள்ளும். விறைப்பாக இருக்கும். செருப்புக்கு உதவாது. ஆனால் ஒளி ஊடுருவும்! பின்னால் விளக்கு வைத்தால் கண்ணாடித்தாள் போலச் சாயம் ஒளிரும்.

ஆக, செருப்புக்கும் சீதைக்கும் நடுவில் இருப்பது ஒரு தொட்டி ஆவாரம்பட்டைச் சாறு.

தமிழ்நாட்டில் தோற்பாவைக்கூத்தை நடத்தி வந்தவர்கள் பெரும்பாலும் மராத்தி பேசும் மண்டிகர் சமூகத்தினர். தஞ்சாவூரில் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மராட்டியர் ஆட்சி தொடங்கிய பிறகு இங்கே வந்தவர்கள் என்பது பரவலான கருத்து. வீட்டில் மராத்தி, திரைக்குப் பின்னால் தமிழ். நாடகக்காரரும் ஆய்வாளருமான மு. இராமசாமி, கன்னியாகுமரிப் பகுதியில் களப்பணி செய்த அ.கா. பெருமாள் போன்றோர் எழுதி வைத்திருக்காவிட்டால் இந்தக் கலையைப் பற்றி இன்று இவ்வளவு கூடத் தெரிந்திருக்காது.

கூத்து நடக்கும் இடம் சின்னக் கூடாரம். முன்னால் ஒரு வெள்ளை வேட்டி, அதுதான் திரை. முன்பு எண்ணெய் விளக்கு, பிறகு பெட்ரோமாக்ஸ், பிறகு பல்பு. ஒரே ஆள் எல்லாப் பாவைகளையும் ஆட்டுவார், ராமன் முதல் குரங்கு வரை எல்லாக் குரலும் அவரே. பக்கத்தில் மனைவியோ உறவினரோ ஹார்மோனியம், மிருதங்கம், பின்பாட்டு. ராமாயணம் பல இரவுகள் ஓடும். நடுநடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து ஊர் வம்பு பேசிச் சிரிக்க வைப்பார்கள். குழந்தைகளுக்கு ராமனைவிட இவர்களைத்தான் பிடிக்கும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உணர்ச்சியை எப்படிக் காட்டினார்கள்? பாவையின் முகம் மாறாது. கண் ஒரே கண்தான், வாய் ஒரே வாய்தான். தென்னிந்திய மரபுகளில் இதற்கு ஒரு வழி, முக்கியமான பாத்திரத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாவைகள் வைத்துக்கொள்வது. அரண்மனை ராமன் வேறு, வனவாச ராமன் வேறு, போர்க்கள ராமன் வேறு. மனநிலை மாறினால் உடலே மாறிவிடுகிறது. இன்னொரு வழி வெளிச்சத்தில் இருக்கிறது. பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடித்தால் கோடுகள் கூர்மையாக விழும். விளக்கை நோக்கிப் பின்னால் இழுத்தால் உருவம் பெரிதாகி, மங்கி, கரைந்து போகும். நல்லதங்காள் கதையில் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளும் தாய் திரையில் மங்கிக் கலங்குவதை நினைத்துப் பாருங்கள். முகத்தில் ஒரு கோடும் மாறவில்லை. ஆனால் அவள் மனம் கலைவது கண்ணுக்குத் தெரிகிறது. எண்ணெய் விளக்கின் சுடர் காற்றில் ஆடும்போது பாவை மூச்சு விடுவது போல இருக்கும். பல்பு வந்த பிறகு அந்த மூச்சு போய்விட்டது.

திருக்குறளில் நாணுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் (1020) பாவையைப் பற்றிப் பேசுகிறது. மனதில் நாணம் இல்லாதவர்கள் நடமாடுவது, மரப்பாவையைக் கயிற்றால் ஆட்டி உயிர் இருப்பதாக மயக்குவது போன்றது என்கிறார் வள்ளுவர். அதாவது பாவைக்கு உள்ளே எதுவும் இல்லை, எல்லாம் வெளியே இருந்து இழுப்பது என்பது அவர் கட்சி. வாதம் சரிதான். ஆனால் நல்லதங்காளுக்காக முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்ட கிராமத்துப் பெண்களிடம் போய் அந்த உவமையைச் சொன்னால் ஒப்புக்கொண்டிருப்பார்களா என்பது சந்தேகமே.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோலைத் தொட்டவனை ஊருக்கு வெளியே நிறுத்திய சமூகம் இது. வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10ஆம் தேதி வெடித்த சிப்பாய்ப் புரட்சிக்கு உடனடிக் காரணங்களில் ஒன்று, புதிய தலைப்பாகையில் வைக்கச் சொன்ன தோல் குஞ்சம். தலையில் தோலா என்று கொதித்தார்கள். அதே மண்ணில், அதே தோலில் வரைந்த ராமனைப் பார்த்து மக்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பாவையைச் செய்த மண்டிகர்களோ ஊர் ஊராக அலையும் நாடோடிகளாகவே இருந்தார்கள். ராமன் மட்டும் ஊருக்குள் வரலாம்!

சரி, அனிமேஷனுக்கு வருவோம்.

தோற்பாவைக்கூத்தை "உலகின் முதல் அனிமேஷன்" என்று பெருமையாகச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. இது சரியல்ல. கூத்தில் அசைவு அந்த நொடியில் பிறந்து அந்த நொடியில் மறைகிறது. கலைஞனின் கை நடுங்கினால் பாவையும் நடுங்கும். அனிமேஷனில் அசைவு என்று ஒன்று நடப்பதே இல்லை. அசையாத படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, வேகமாக ஓட்டி, கண்ணை ஏமாற்றுகிறோம். ஒரு விம்மலைக் கூத்துக்காரர் ஒரு மூச்சில் காட்டிவிடுவார். அதே விம்மலுக்கு அனிமேஷன்காரர் ஒரு வாரம் குனிந்து உட்கார வேண்டும். இரண்டும் வேறு வேறு உழைப்பு. ஆனால் இரண்டையும் இணைத்த ஒரு பெண் இருக்கிறார்.

அவர் லோட்டே ரைனிகர். 1899ல் பெர்லினில் பிறந்தவர். சின்ன வயதிலேயே கத்தரிக்கோலால் நிழலுருவம் வெட்டுவதில் கெட்டிக்காரி. கறுப்பு அட்டையும் மெல்லிய ஈயத் தகடும் வைத்து உருவங்கள் செய்து, மூட்டுகளைக் கம்பியால் இணைத்து, கீழிருந்து ஒளி வரும் கண்ணாடி மேஜையில் கிடத்தி, ஒவ்வொரு படமாக எடுத்தார். பாட்ஸ்டாமில் ஒரு வங்கியாளர் தந்த இடத்தில், கணவர் கார்ல் கோக்கும் சில நண்பர்களும் உடனிருக்க, 1923 முதல் 1926 வரை மூன்று வருடம் உழைத்து "இளவரசன் அக்மதின் சாகசங்கள்" என்ற முழுநீளப் படத்தை முடித்தார். இன்று நம்மிடம் எஞ்சியிருக்கும் மிகப் பழைய முழுநீள அனிமேஷன் படம் அதுதான். (அர்ஜென்டினாவில் 1917லேயே ஒன்று வந்தது, பிரதி அழிந்துவிட்டது.) வால்ட் டிஸ்னியின் "ஸ்னோ ஒயிட்" வந்தது 1937ல். பள்ளிப் பொது அறிவுப் புத்தகங்களில் டிஸ்னி பெயர் இருக்கும் அளவுக்கு ரைனிகர் பெயர் ஏன் இல்லை என்று கேட்டால் யாரிடமும் நல்ல பதில் இருக்காது.

ரைனிகரின் உருவங்களுக்கு முகமே கிடையாது, வெறும் கறுப்பு. நம் பாவைக்காவது கண் உண்டு. ஆகவே அவர் துக்கத்தை முதுகின் வளைவில் காட்டினார், காதலை விரல் நுனியில், பயத்தைத் தலை திரும்பும் வேகத்தில். முகம் இல்லாததால் பார்க்கிறவர் தன் மனதில் இருப்பதை அந்தக் கறுப்பில் போட்டுக்கொள்கிறார். பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில் கூத்துமாடங்களில் கம்பராமாயணத்தை ஆடும் தோல்பாவக்கூத்திலும் இதே சங்கதிதான். அங்கே 21 விளக்குகள் வரிசையாக எரியும், பாவைகள் பெரும்பாலும் கறுத்த நிழலாகவே விழும்.

அடுத்த கட்டத்தில் கதை எதிர்பாராத விதமாக மறுபடி டேனரி வாசலுக்கு வருகிறது. சினிமா பிலிம் இருக்கிறதல்லவா, அதில் படம் பதிவாகும் பூச்சு எதனால் ஆனது? வெள்ளி உப்பும் ஜெலட்டினும். ஜெலட்டின் எங்கிருந்து வருகிறது? மாட்டு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும். தோலில் உள்ள அதே கொலாஜனைக் காய்ச்சினால் ஜெலட்டின். நம்மூர்த் தச்சர்கள் பயன்படுத்திய வச்சிரப் பசையும் அதற்கு உறவுக்காரன்தான். தியாகராஜ பாகவதர் முதல் ரஜினிகாந்த் வரை, பிலிமில் எடுத்த அத்தனை நட்சத்திரங்களும் ஒரு வகையில் தோலில்தான் பதிந்தார்கள்!

அந்தப் பூச்சையே கீறிப் படம் செய்தவர் நார்மன் மெக்லாரன். ஸ்காட்லாந்தில் பிறந்து கனடா தேசியத் திரைப்பட வாரியத்தில் வேலை பார்த்தவர். கேமரா இல்லாமலே பிலிமில் நேரடியாக வரைந்தும் சுரண்டியும் படம் எடுத்தார். 1955ல் வந்த "பிளிங்கிட்டி பிளாங்க்" முழுக்கக் கறுப்புப் பிலிமில் ஊசியாலும் கத்தியாலும் கீறியது. யுனெஸ்கோ சார்பில் 1952-53ல் இந்தியாவுக்கும் வந்திருக்கிறார்.

அவர் வேலை பார்த்த அதே வாரியத்தில் பிறகு கரோலின் லீஃப் வந்தார். முதலில் கண்ணாடியில் மணலைத் தூவி விரலால் நகர்த்திப் படம் எடுத்தார். "தி ஸ்ட்ரீட்" (1976) என்ற படத்தில் காயாத வண்ணத்தை விரலால் இழுத்தார். பாட்டி சாகக் கிடக்கும் வீட்டில் சின்னப் பையன் ஒருவனின் மனம் எப்படி இருந்தது என்பதே கதை. ஒரு முகம் குழைந்து அடுத்த முகமாகிறது, அறை குழைந்து தெருவாகிறது. பிறகு 1990ல் "இரு சகோதரிகள்" என்ற படத்தை 70 மி.மீ. பிலிமின் பூச்சிலேயே கீறினார். முகம் சிதைந்த ஓர் எழுத்தாளர், அவரை இருட்டு வீட்டுக்குள் வைத்துப் பாதுகாக்கும் (அல்லது பூட்டி வைத்திருக்கும்) சகோதரி. வெளியாள் ஒருவர் வந்து கதவு திறக்க, வெளிச்சம் உள்ளே வருகிறது. பத்து நிமிடப் படம். கீறிய இடத்தில் மட்டும்தான் ஒளி வரும் என்ற நுட்பமும், இருட்டுக்குள் வாழும் பெண் என்ற கதையும் இதைவிடப் பொருத்தமாகச் சேர முடியாது. பாவைக்காரர் உளியால் தோலில் துளை போடுவதும் இதே வேலைதானே? நகைக்கும் ஆடைக்கும் அவர் போடும் ஒவ்வொரு துளையும் ஒளிக்கு ஒரு வாசல்.

துளை என்றதும் ஒரு இந்தியரைச் சொல்லாமல் இருக்க முடியாது. இஷு படேல். குஜராத்தில் பிறந்து, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலிருந்து கனடா போனவர். "பீட் கேம்" (1977) படத்தில் ஆயிரக்கணக்கான பாசிமணிகளை நகர்த்தி, உயிர்கள் ஒன்றையொன்று விழுங்கும் வெறியைக் காட்டினார். அது ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. "ஆஃப்டர்லைஃப்" (1978) இன்னும் ஆழமானது. மரணத்துக்குப் பிறகு மனம் எங்கே போகிறது என்ற கேள்வி. கண்ணாடியில் களிமண் போன்ற பிளாஸ்டிசினை மெல்லியதாகத் தடவி, அடியிலிருந்து ஒளி பாய்ச்சினார். பூச்சு தடித்த இடம் இருட்டு, மெலிந்த இடம் வெளிச்சம். "பாரடைஸ்" (1984) படத்தில் கறுப்புத் தாளில் ஊசித்துளைகள் போட்டுப் பின்னால் ஒளி வைத்தார். அரண்மனையில் வாழும் வண்ணப் பறவையைப் பார்த்து ஏங்கும் கரிய பறவையின் கதை அது. அதுவும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. அவர் தோற்பாவையை மனதில் வைத்துத்தான் செய்தார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் தென்னிந்தியப் பாவைக்காரர் ஒருவரை அந்த ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போயிருந்தால், விளக்கம் கேட்காமலே வேலையைப் புரிந்துகொண்டிருப்பார்.

இந்தியாவுக்குள் அரசின் பிலிம்ஸ் டிவிஷன் 1950களில் கார்ட்டூன் பிரிவு தொடங்கியது. டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் வந்து பயிற்சி கொடுத்தார். குடும்பக் கட்டுப்பாடு, சேமிப்பு, ஒற்றுமை என்று பிரச்சாரப் படங்களே அதிகம். செக்கோஸ்லோவாக்கியாவில் படித்துவிட்டு வந்த பிரமோத் பதி மட்டும் அதற்குள்ளேயே இருந்துகொண்டு விசித்திரமான சோதனைகள் செய்தார். அவருடைய "அபித்" படத்தில் ஓர் உயிருள்ள ஓவியரே பொம்மை போல ஒவ்வொரு படமாக நகர்த்தப்படுகிறார். மற்றபடி மனதுக்குள் நடப்பதைப் படமாக்க அந்த அலுவலகத்தில் பெரிய இடம் இருக்கவில்லை.

அதற்குப் பல வருடம் கழித்து, கதை மறுபடி வேலூர்ப் பக்கம் எட்டிப் பார்க்கிறது, இந்த முறை குடியாத்தம் வழியாக. குடியாத்தத்துக்குக் கைலியும் தீப்பெட்டியும் அடையாளம். தீப்பெட்டியின் மேல் ஒட்டும் லேபிளைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. யானை, மயில், கப்பல், சாமி என்று கைக்குள் அடங்கும் ஓவியங்கள். கீதாஞ்சலி ராவ் என்ற மும்பைக் கலைஞர் அதைக் கவனித்தார். "பிரின்டட் ரெயின்போ" (2006) என்ற அவருடைய 15 நிமிடப் படத்தில் ஒரு வயதான பெண் தன் பூனையோடு தனியாக ஒரு ஃபிளாட்டில் வாழ்கிறார். அவர் வாழ்க்கை முழுக்கச் சாம்பல் நிறம். ஒரு தீப்பெட்டியை எடுத்துப் பார்த்தால் அந்த லேபிளுக்குள் போய்விடுகிறார், அங்கே எல்லாமே வண்ணம். வசனம் கிடையாது. படங்களைத் தானே கையால் வரைந்து வண்ணம் தீட்டினார். கேன்ஸ் விழாவின் விமர்சகர் வாரத்தில் விருதுகள் வாங்கியது. தனிமையைப் பற்றி இந்தியாவில் வந்த அனிமேஷன்களில் இதற்கு இணையாக இன்னொன்றைச் சொல்வது கஷ்டம். (தீப்பெட்டிக்கும் இந்திய அனிமேஷனுக்கும் உறவு புதிதல்ல. தாதாசாகேப் பால்கே 1915லேயே தீக்குச்சிகளை நகர்த்தி ஒரு குறும்படம் எடுத்தார். அப்போது சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கவே இல்லை.)

தோற்பாவைக்காரர்களின் இன்றைய நிலை அவ்வளவு வண்ணமாக இல்லை. சினிமாக் கொட்டகை வந்தது, டிவி வந்தது, செல்போன் வந்தது. விடிய விடியக் கூத்து பார்க்க ஆள் இல்லை. ஆந்திராவில் நிம்மலகுண்டா கிராமத்தில் தோலுபொம்மலாட்டக் கலைஞர்கள் பிழைப்புக்காக அதே தோலில் விளக்குக் கூண்டுகள் செய்து விற்கிறார்கள். அந்தக் கிராமத்தின் தளவாய் சலபதி ராவுக்கு 2020ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அடுத்த ஆண்டு பாலக்காட்டின் ராமச்சந்திர புலவருக்குக் கிடைத்தது. விளக்குக் கூண்டில் உள்ள அனுமன் அழகாகத்தான் இருக்கிறார், ஆனால் அசைவதில்லை.

பாலக்காட்டில் வேறொரு சோதனையும் நடந்திருக்கிறது. 2020களின் தொடக்கத்தில் புலவர் குடும்பத்தினர் பொறியாளர்களோடு சேர்ந்து, மோட்டார் வைத்துத் தானே ஆடும் தோல்பாவைகளை உருவாக்கினார்கள். பட்டனை அழுத்தினால் ராமனும் ராவணனும் ஆடுவார்கள். பார்வையாளர்கள் எந்நேரம் வந்தாலும் காட்டலாம், கலைஞரின் தோளும் தொண்டையும் வலிக்காது. மரபைக் காப்பாற்ற இது உதவும் என்று ஒரு தரப்பு. கை இல்லாத கூத்து கூத்தா என்று இன்னொரு தரப்பு. மோட்டார் நடுங்காது, மூச்சு வாங்காது, நல்லதங்காள் கிணற்றடிக்கு வரும்போது ஒரு கணம் தயங்கவும் செய்யாது. ஆனால் அந்த மோட்டாரில் மாட்டியிருக்கும் பாவையை மட்டும் இன்னும் கையால்தான் செய்ய வேண்டியிருக்கிறது: ஊறவைத்து, மயிர் நீக்கி, இழுத்துக் கட்டிக் காயவைத்து, உளியால் ஒவ்வொரு துளையாக.